வீட்டில் கலந்த இ-லிக்விட் வாசனைத் திரவியம் போலக் காரமாக இருக்கிறது. எத்தனை நாள் ஊறவைத்தால் சரியாகும்?

இ-லிக்விட் என்பது மின் சிகரெட்டில் ஊற்றி ஆவியாக இழுக்கும் திரவம். கேள்வி கேட்டவர் அதில் 30 மி.லி. ஸ்ட்ராபெர்ரி கஸ்டர்ட் கலவை ஒன்றைச் சொட்டுக் கணக்கில் கலந்திருக்கிறார். ஃப்ளேவர் மட்டும் மொத்தத்தில் 18 விழுக்காடு. முதல் நாளே சுவைத்துப் பார்த்ததில் அது வாசனைத் திரவியத்தை இழுத்தது போல இருந்ததாம். சீக்கிரம் ஊறட்டும் என்று ஐந்து நாள் மூடியைத் திறந்து வைத்தும், வெந்நீரில் மூழ்க வைத்தும் பார்த்த பிறகு நிறம் பழுப்பாகிவிட்டது, காரம் மட்டும் குறையவில்லை என்கிறார். பல ஆண்டுகள் சிகரெட் பிடித்து, அதை விடுவதற்காக வேப்பிங் எனப்படும் மின் சிகரெட்டுக்கு வந்து, அதன் பிறகு எனக்கு வேண்டியதை நானே கலந்துகொள்பவன் என்ற முறையில் என் பதிலை நேராகவே சொல்கிறேன்: உங்கள் கலவைக்குத் தேவை இன்னும் பத்து நாள் அல்ல, குறைவான ஃப்ளேவர். ஊறுதல், அதாவது கலந்த பாட்டிலை மூடி வைத்துக் காத்திருப்பது, சரியான கலவையை முழுமையாக்கும். தவறான கலவையைத் திருத்தாது.

ஊறும்போது பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். இ-லிக்விடின் உடல் இரண்டே பொருள்கள்தாம்: பி.ஜி. எனப்படும் புரொப்பிலீன் கிளைக்கால், வி.ஜி. எனப்படும் தாவரக் கிளிசரின். முன்னது நீர்த்தது, ஒரு மி.லி. ஏறத்தாழ 1.04 கிராம் இருக்கும். பின்னது பாகு போன்றது, ஒரு மி.லி. 1.26 கிராம். இந்த எடை வேறுபாட்டாலும் பாகுத்தன்மையாலும் வி.ஜி. அடியில் தங்கிக்கொண்டு எளிதில் கலக்க மறுக்கும். அப்போதுதான் கலந்த பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். தெளிந்த திரவத்துக்குள் கண்ணாடி நூல்கள் போல நெளியும் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் ஒன்றுகூட இல்லாமல் மறையும் வரை குலுக்க வேண்டும். பாதி கலந்த பாட்டிலிலிருந்து ஒரு நாள் காரமாகவும் மறுநாள் சப்பென்றும் வருவதைப் பலர் ஊறுதலின் மாற்றம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது வெறும் அரைகுறைக் கலப்பு.

உண்மையான மாற்றங்கள் அதற்குப் பிறகு தொடங்குகின்றன. சில ஃப்ளேவர்களில் கரைப்பானாக இருக்கும் ஆல்கஹால் முதல் இழுப்பில் மூக்கைக் குத்தும்; அந்தக் கூர்மை நாளாக ஆக மழுங்குகிறது. வனிலாவின் வனிலின், பாதாம் மணத்தின் பென்சால்டிஹைடு, லவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடுகள் பி.ஜி.யுடன் வினைபுரிந்து அசிட்டால் என்ற வேறு சேர்மங்களாக ஓரளவு மாறுகின்றன. கஸ்டர்ட், பேக்கரி வகைகள் நாளாக ஆக வட்டமான, கனத்த சுவைக்கு வருவதில் இதற்குப் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். மூன்றாவது, நிக்கோட்டின் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மஞ்சளாகிப் பழுப்பாகிறது. இந்த மூன்றில் நமக்கு வேண்டியவை முதல் இரண்டுதான். மூன்றாவது நாம் தடுக்க வேண்டியது.

உங்கள் பாட்டில் பழுப்பானதற்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. மூடியைத் திறந்து வைத்தபோது காற்றும், வெந்நீரில் வைத்தபோது வெப்பமும் நிக்கோட்டினை வேகமாக ஆக்சிஜனேற்றின. கூடவே ஸ்ட்ராபெர்ரியின் மேல்மணத்தைத் தரும் மெல்லிய எஸ்டர்கள் பறந்துபோயின. நிறம் கருத்தால் நன்றாக ஊறிவிட்டது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, ஆனால் அதற்கு அடிப்படை இல்லை. வனிலின் உள்ள கலவை நன்றாக ஊறினாலும் கருக்கும், கெட்டாலும் கருக்கும். நிறம் எதையும் உறுதிப்படுத்தாது. நாக்குக்கும் நாட்குறிப்புக்கும்தான் அந்த வேலை. வெப்பத்துக்கு நான் தரும் இடம் ஒன்றே ஒன்று: கலக்கும் அன்று வி.ஜி.யை இளக்குவதற்காக, கை பொறுக்கும் சூட்டிலுள்ள தண்ணீரில் பாட்டிலைப் பத்து நிமிடம் மூடியோடு நிறுத்துவேன். அதற்கு மேல் பழுப்பு நிற அம்பர் கண்ணாடிப் பாட்டில், இறுக்கிய மூடி, இருட்டான அலமாரி, இவ்வளவே போதும். தினமும் எடுத்துக் குலுக்கவும் தேவையில்லை.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு ஃப்ளேவரைப் பொறுத்தே பதில் அமையும். தனிப் பழ வகைகளையும் மெந்தாலையும் நன்றாகக் குலுக்கியதும் பயன்படுத்தலாம். ஒரு நாள் விட்டால் இன்னும் ஒழுங்காக இருக்கும், ஒரு மாதம் விட்டால் பழம் மங்கத் தொடங்கும். பால், க்ரீம், கஸ்டர்ட் வகைகளுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். புகையிலைச் சுவைகள் ஒரு மாதத்துக்குப் பிறகுதான் தம் குணத்தைக் காட்டும். என் குறிப்பேட்டில் உங்களுடையதைப் போன்ற ஒரு ஸ்ட்ராபெர்ரி கஸ்டர்டுக்கு நான்கு வரிகள் இருக்கின்றன: முதல் நாள் ஸ்ட்ராபெர்ரி மட்டுமே, பின்னணியில் மாவு வாடை, நான்காம் நாள் இரண்டும் தனித்தனியாக, ஒன்றோடொன்று பேசாமல், பத்தாம் நாள் கஸ்டர்ட் முன்னே வருகிறது, மாவு வாடை இல்லை, இருபத்தொன்றாம் நாள் பழம் கஸ்டர்டுக்குள் அடங்கி, இரண்டும் ஒரே சுவையாக நிற்கின்றன. அதன் பிறகு வைத்திருந்த பாட்டிலில் பழம்தான் குறைந்ததே தவிர வேறு நன்மை எதுவும் தெரியவில்லை. ஆகவே கலந்த அன்றே 30 மி.லி. முழுவதையும் ஒரே பாட்டிலில் வைக்காமல், 10 மி.லி. பாட்டில்கள் மூன்றில் பிரித்து, தேதி எழுதி ஒட்டி, ஒவ்வொன்றையும் அதற்குரிய நாளில் திறப்பதே நல்லது.

இனி உண்மையான பிழைக்கு வருகிறேன், அது அளவு. சொட்டுக் கணக்கு இருபது சொட்டு ஒரு மி.லி. என்ற ஊகத்தின் மேல் நிற்கிறது. ஆனால் சொட்டின் அளவு சொட்டுக்குழாயின் வாயையும் திரவத்தின் அடர்த்தியையும் பொறுத்து மாறும். ஒரே ஃப்ளேவரை இரண்டு பாட்டில்களிலிருந்து விட்டாலே வேறு வேறு அளவு விழும். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய எடைத்தராசு ஒன்றை வாங்கிக்கொண்டால் இந்தச் சிக்கல் முழுவதும் போய்விடும். பாட்டிலைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, ஒன்றை ஊற்றி, மறுபடி சுழியாக்கி, அடுத்ததை ஊற்ற வேண்டும். கழுவ வேண்டிய சிரிஞ்சும் இல்லை, மறந்துபோகும் எண்ணிக்கையும் இல்லை.

உங்கள் கலவையையே எடுத்துக்கொள்வோம். இலக்கு 30 மி.லி., மி.லி.க்கு 3 மி.கி. நிக்கோட்டின், பி.ஜி. 30 விழுக்காடும் வி.ஜி. 70 விழுக்காடும். மொத்த நிக்கோட்டின் தேவை 90 மி.கி. என்பதால், பி.ஜி.யில் கரைத்த, மி.லி.க்கு 20 மி.கி. வலிமையுள்ள நிக்கோட்டின் அடிக்கரைசல் 4.5 மி.லி. வேண்டும், எடையில் 4.66 கிராம். ஸ்ட்ராபெர்ரி 5 விழுக்காடு, கஸ்டர்ட் 3 விழுக்காடு என வைத்தால் முறையே 1.55 கிராம், 0.93 கிராம். ஃப்ளேவர்களும் பெரும்பாலும் பி.ஜி.யில்தான் கரைந்திருக்கும், அதனால் தனியாகச் சேர்க்க வேண்டிய பி.ஜி. 2.1 மி.லி. மட்டுமே, அதாவது 2.18 கிராம். மீதி 21 மி.லி. வி.ஜி., 26.46 கிராம். ஃப்ளேவர் மொத்தம் 8 விழுக்காட்டில் நிற்பதைக் கவனியுங்கள். 18 விழுக்காட்டுக்குப் போகும்போது சுவை இரட்டிப்பாவதில்லை. மூக்கு மரத்துப்போய், எது எதுவென்று பிரித்தறிய முடியாத வாசனைத் திரவியக் காரமாகவே அது வரும். நாம் சுவை போதவில்லை என்று இன்னும் ஊற்றுவோம், அது இன்னும் மோசமாகும். இந்தச் சுழலில் சிக்காதவர் கலக்கத் தொடங்கியவர்களில் அரிது.

சுவைத்துப் பார்க்கும் கருவியும் தூய்மையாக இருக்க வேண்டும். நேற்றைய மெந்தால் ஊறிய பஞ்சில் இன்றைய கஸ்டர்டைச் சோதிப்பவர் மெந்தாலைத்தான் சோதிக்கிறார். டிரிப்பரில், அதாவது பஞ்சில் நேரடியாகச் சொட்டு விட்டு இழுக்கும் கருவியில், புதிய பஞ்சு வைத்து, நாளின் முதல் இழுப்பாகப் பார்ப்பது என் வழக்கம். புதிய ஃப்ளேவர் எதுவானாலும் முதலில் அதை மட்டும் தனியாக 10 மி.லி.யில் கலந்து பழகிய பிறகே மற்றொன்றோடு சேர்ப்பேன். கஸ்டர்டின் மாவு வாடை எந்தப் பாட்டிலிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

இவையெல்லாம் சுவை பற்றியவை. இதைவிட முக்கியமாக நான் வற்புறுத்துவது நுரையீரல் பற்றியது. உணவில் சேர்க்கத் தகுந்தது என்ற முத்திரை மூச்சில் இழுக்கத் தகுந்தது என்று பொருள்படாது; அமெரிக்காவின் சுவைமணப் பொருள் உற்பத்தியாளர் சங்கமான ஃபீமாவே இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. எண்ணெய் அடிப்படையிலான எந்த எசன்ஸும் பாட்டிலுக்குள் போகக் கூடாது, ஏனென்றால் நுரையீரலுக்குள் போகும் எண்ணெய் கொழுப்புவழி நிமோனியாவை உண்டாக்கக்கூடியது. தொடக்கத்தில் நான் வாங்கிய ஓர் எலுமிச்சை எசன்ஸைக் கலந்து இரவு முழுதும் வைத்தபோது, காலையில் கழுத்துப் பக்கம் மெல்லிய எண்ணெய் வளையம் ஒன்று மிதந்தது. அந்தப் பாட்டிலை அப்படியே தூக்கி எறிந்தேன். ஆனால் வளையம் தெரியவில்லை என்பதே எண்ணெய் இல்லை என்பதற்குச் சான்றாகாது, எண்ணெயை நீரோடு கலக்கவைக்கும் குழம்பாக்கிகள் அதை மறைத்துவிடும். உட்பொருள் விவரம் தராத ஃப்ளேவரை வாங்காதிருப்பதே வழி. 2019-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வேப்பிங் தொடர்பான நுரையீரல் பாதிப்பால் 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோ இறந்தோ இருந்தார்கள், 68 இறப்புகள் உறுதிசெய்யப்பட்டன. அதில் முதன்மைக் காரணமாகச் சுட்டப்பட்டது, பெரும்பாலும் கள்ளச் சந்தையின் கஞ்சாச் சாறுக் குப்பிகளில் சேர்க்கப்பட்டிருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்த்தன்மைப் பொருள்.

கஸ்டர்ட் பிரியர்களுக்குத் தனியாக ஒன்று. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் என்ற சேர்மம், 2000-ஆம் ஆண்டில் மிசோரி மாநிலத்தின் பாப்கார்ன் ஆலையில் வேலை பார்த்த முன்னாள் தொழிலாளர்கள் எட்டுப் பேரின் நுரையீரல் நோயின் வழியாகக் கவனத்துக்கு வந்தது. அதற்குப் பதிலாகச் சேர்க்கப்படும் அசிட்டைல் புரொப்பியோனிலும் நம்பத்தக்கதல்ல. மூன்றாவதான அசிட்டாயின் நிக்கோட்டின் கலந்த பாட்டிலில் நாள்பட டைஅசிட்டைலாக ஓரளவு மாறக்கூடியது. ஊறவைப்பதற்கு ஒரு மேல்வரம்பு வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: இம்மூன்றும் இல்லை என்று ஆய்வறிக்கை வெளியிடும் கஸ்டர்டைத் தேடி எடுங்கள், அதையும் மாதக்கணக்கில் கிடத்தாதீர்கள்.

நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலில் ஏறும். கையுறை இல்லாமல் அடிக்கரைசலைத் தொடக் கூடாது; சிந்தினால் உடனே சோப்பு நீரால் கழுவ வேண்டும்; குமட்டலும் தலைசுற்றலும் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு மருத்துவ உதவி நாட வேண்டும். 100 மி.கி. வலிமையுள்ள அடிக்கரைசலை வீட்டில் வைக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. குழந்தைகளின் கைக்கு எட்டாத, பூட்டக்கூடிய இடத்தில், குழந்தை திறக்க முடியாத மூடியோடு வையுங்கள். பி.ஜி.யும் வி.ஜி.யும் மருந்துத் தரத்தில் மட்டுமே வாங்க வேண்டும். தரம் குறைந்த கிளிசரினில் நச்சான டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்த சம்பவங்கள் உண்டு. சில நாடுகளில் இவை முழுவதுமாகத் தடைசெய்யப்பட்டவை, ஆகவே உங்கள் நாட்டுச் சட்டத்தை முதலில் பாருங்கள். இதுவரை புகைக்காதவர் இந்தப் பதிலைப் படித்து ஆசைப்பட வேண்டாம். இது சிகரெட்டிலிருந்து இறங்குபவர்களுக்கான படி.

இப்போது உங்கள் கையிலுள்ள பாட்டில். ஐந்து நாள் மூடி திறந்து கிடந்ததிலும் வெந்நீரில் மூழ்கியதிலும் மேல்மணம் போய்விட்டதால், அதை முழுதாக மீட்க முடியாது. காரத்தைக் குறைக்க முடியுமா என்று மட்டும் பார்க்கலாம். அதில் 10 மி.லி. எடுத்தால் ஃப்ளேவர் 1.8 மி.லி. இருக்கும். அதே நிக்கோட்டின் வலிமையும் அதே பி.ஜி., வி.ஜி. விகிதமும் உள்ள, ஃப்ளேவர் இல்லாத கலவை 12.5 மி.லி. அதில் சேர்த்தால் மொத்தம் 22.5 மி.லி. ஆகி, ஃப்ளேவர் 8 விழுக்காட்டுக்கு இறங்கும். நெளியும் கோடுகள் மறையும் வரை குலுக்கி, மூடி, இரண்டு நாள் இருட்டில் வைத்துவிட்டுச் சுவைத்துப் பாருங்கள். கஸ்டர்டாவது தெளிவாக வந்தால் பயன்படுத்துங்கள். வரவில்லையென்றால் கொட்டிவிட்டு, மேலே சொன்ன எடைகளில் புதிதாகக் கலந்து, பத்தாம் நாள் முதல் பாட்டிலைத் திறங்கள்.