ஏ.சி. இருக்கட்டும், முதலில் கூரையைப் பாருங்கள்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, சின்ன அடுப்படி, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 100 ஏ.எச். (ஒரு ஆம்பியர் வீதம் நூறு மணி நேரம் தரும்) பேட்டரி எல்லாம் வைத்து வீடு மாதிரி ஆக்கிக்கொண்டாராம். ஆகஸ்டில் குடும்பத்தோடு வால்பாறை போய்வந்தார்கள். அப்புறம் தரங்கம்பாடி கடற்கரையில் இரண்டு நாள். இனி பொங்கல் விடுமுறைக்குத்தான் வண்டி கிளம்பும். அதுவரை கொல்லையில் தென்னை மரத்தடியில் நிற்கும். அவர் கேட்பது இது: “40,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். இரவில் ஏ.சி. ஓடுகிற அளவுக்கு இன்வெர்ட்டரை மாற்றலாமா? மற்றபடி சின்னச் சின்னக் குறைகள்தான். படுக்கைக்கு மேலே ஒரு ஈரக்கறை தெரிகிறது, தொட்டித் தண்ணீர் லேசாக நாறுகிறது, இரண்டு வாரம் நிறுத்தினால் உள்பேட்டரி இறங்கிவிடுகிறது.”

சின்னக் குறைகள் என்று கடைசியில் சொன்னீர்களே, அவைதான் பெரிய வேலை. அதிலும் அந்த ஈரக்கறை. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சொல்கிற ஊரில் கூரை ஒழுகும் வண்டியை மூன்று மாதம் நிறுத்தி வைத்தால், தை மாதம் நீங்கள் திறந்து பார்ப்பது பூசணம் பிடித்த மெத்தையும் உப்பிப்போன பிளைவுட்டும்தான்.

கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். உள்ளே இறங்கிய தண்ணீர் கூரையின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டோ ஒயரைப் பிடித்துக்கொண்டோ ஓடி, தாழ்வான இடம் பார்த்துச் சொட்டும். கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே, ஒருவர் ஓஸ் பைப்போடு வெளியே. தண்ணீரைக் கீழிருந்து மேலாக அடிக்க வேண்டும். முதலில் ஜன்னல் ஓரம், பிறகு பக்கவாட்டு மூட்டு, கடைசியாகக் கூரை. ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம். எடுத்த எடுப்பில் கூரையில் அடித்தால் எல்லா இடமும் நனைந்துவிடும், எதுவும் தெரியாது. பெரும்பாலும் காற்றுப்போக்கி ஃபேனின் சட்டம், சோலார் பேனல் கிளாம்பின் ஸ்க்ரூ, ஒயர் உள்ளே நுழையும் துளை, இந்த மூன்றில் ஒன்றுதான் மாட்டும்.

ஹார்டுவேர் கடையில் சிலிகான் டியூப் தருவார்கள். வினிகர் வாடை அடிக்கிற அந்த ரகம் வேண்டாம். தகரத்தை அரிக்கும், ஒருமுறை தடவிவிட்டால் அதன் மேல் பெயின்ட்டும் ஒட்டாது, வேறு சீலன்ட்டும் ஒட்டாது. கரூர் பஸ் பாடிக் கட்டுபவர்கள் புழங்குகிற பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட்டை, வெயில் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடவும். காற்றில் ஈரப்பதம் இருந்தால் பரவாயில்லை, அந்தச் சீலன்ட் அதை எடுத்துக்கொண்டுதான் இறுகும். தகரத்தின் மேல்தான் ஈரம் இருக்கக் கூடாது. பிறகு கறையுள்ள பிளைவுட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அந்தப் பகுதியைப் பிரித்து மாற்றியே ஆக வேண்டும். நான் ஒரு வண்டியில் சோம்பல்பட்டுக் கறை மேல் பெயின்ட் அடித்துவிட்டேன். அடுத்த மழைக்கு விளக்கும் பிளைவுட்டுமாக மொத்தமும் தலையில் இறங்கியது.

வண்டி நிற்கும் இடத்தையும் மாற்றுங்கள். தேங்காயும் மட்டையும் விழும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது எத்தனை தென்னை சாய்ந்தது என்று மன்னார்குடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது பேட்டரி. புதிது வாங்கும் முன் கணக்குப் போடுவோம். கேஸ் அலாரம், ஸ்டீரியோ போன்றவை சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தால்கூட ஒரு நாளைக்கு 1.2 ஏ.எச். போகும். இரண்டு வாரத்தில் 17 ஏ.எச்.தான். அதனால் மட்டும் 100 ஏ.எச். பேட்டரி படுத்துவிடாது. உங்கள் வண்டியில் இன்வெர்ட்டர் ஆன் செய்தபடியே இருக்கிறது என்பது என் ஊகம். எதுவும் ஓடாவிட்டாலும் இன்வெர்ட்டர் தன் பங்குக்கு அரை ஆம்பியர், ஒரு ஆம்பியர் எடுத்துக்கொண்டே இருக்கும். அரை ஆம்பியர் என்றாலே நாளைக்கு 12 ஏ.எச். எட்டு நாளில் கதை முடிந்தது. மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து, மின்சாரம் அதன் வழியாகவே போகும்படி தொடராக இணைத்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது முள் இறங்குகிறதோ அங்கேதான் திருடன். கையோடு பேட்டரிக்கு ஓர் ஐசொலேட்டர் சுவிட்சும் (பேட்டரியை மொத்தமாகத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டுவிடுங்கள். இத்தனை மலிவாக இத்தனை உபயோகமான மாற்றம் வேறில்லை.

சும்மா இருக்கும் ஈய-அமில பேட்டரி 12.6, 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு. 12.2 என்றால் பாதி. அதற்குக் கீழே விட்டுவைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து, பேட்டரியின் ஆயுள் போய்விடும். மாதம் ஒரு தடவை முழு சார்ஜ் ஏற்றி, அதன் பிறகு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் போதும் என்பார்கள். போதாது, அதில் உப்பு மிச்சம் இருக்கும். கூரையில் சோலார் பேனல் இருக்கிறதே என்று நம்பியிருந்தால், தென்னங்கீற்றின் நிழல் ஒரு கோடாக விழுந்தாலே போதும், செல்கள் தொடராக இணைந்திருப்பதால் பேனலின் உற்பத்தி படுமோசமாக விழுந்துவிடும்.

சரி, ஏ.சி. ஒரு டன் ஏ.சி. சுமார் 1,000 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக எடுத்தால், இழப்பும் சேர்த்து ஏறக்குறைய 95 ஆம்பியர். ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். அப்படியானால் உங்கள் ஏ.சி. அரை மணி நேரம்கூட ஓடாது. இரவு முழுக்க ஓட, கம்ப்ரஸர் பாதி நேரம் நின்று நின்று ஓடினாலும், லித்தியம் பேட்டரியே 400 ஏ.எச். அளவுக்கு வேண்டும். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து அதை நேராகச் சார்ஜ் செய்யவும் கூடாது, கரண்டை அளவாக அனுப்ப நடுவில் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். 40,000 ரூபாயில் இது நடக்காது. அதற்குப் பதிலாகக் கூரையில் 12 வோல்ட் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று போடுங்கள். 30 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் செலவு 20 ஏ.எச்.தான். கூரைக்கு வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டால் பகல் சூடும் நன்றாகக் குறையும். ஏ.சி. இல்லாமல் முடியவே முடியாது என்றால், தங்கும் இடத்து கரண்டில் மட்டும் ஓட்டுங்கள். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர்) கட்டாயம். ஈரத்தரையில் நின்று வண்டிக் கதவைத் தொடும் குழந்தையை அதுதான் காப்பாற்றும்.

வேறு எந்த மின்சாமான் சேர்த்தாலும் ஒயர் கனத்தைக் கவனியுங்கள். பேட்டரியிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி 10 ஆம்பியர் எடுக்க 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால், போய்வரும் வழியில் சுமார் 0.7 வோல்ட் காணாமல் போகும். 12 வோல்ட் ஃபிரிட்ஜ் அடிக்கடி நின்றுபோக அதுவே காரணமாகலாம். 6 சதுர மி.மீ. போட்டால் 0.3 வோல்ட்தான். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சாமானுக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவில் உரசி ஷார்ட் ஆகும் ஒயரை எது காக்கும்?

தண்ணீர்த் தொட்டி நாறுவது ஒரு நாள் வேலை. 4 முதல் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம், வாசனையும் சோப்பும் சேராதது, 100 லிட்டருக்கு 100 முதல் 125 மில்லி. தொட்டியை நிரப்பிக் கலந்து, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்துவிட்டு, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் வடித்து, வாடை போகும்வரை இரண்டு மூன்று முறை அலசவும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், அடியில் தங்கும் சுண்ணாம்பு பம்பின் ஃபில்டரை அடைக்கும். போர் தண்ணீரின் உப்புப்படிவத்தை நீக்கச் சிட்ரிக் அமிலம் போடுவதானால் வேறொரு நாள் போடுங்கள். குளோரினும் அமிலமும் சேர்ந்தால் நச்சு வாயு வரும், மூடிய வண்டிக்குள் அது உயிருக்கே ஆபத்து. நிறுத்தும்போது தொட்டியைக் காலியாக விட்டு, வாய்க்குக் கொசுவலை கட்டுங்கள். டெங்கு கொசுவுக்கு நம் நல்ல தண்ணீர்தான் பிடிக்கும்.

தரங்கம்பாடி உப்புக்காற்றுக்கு வண்டியின் அடிப்பகுதியை இன்னும் கழுவவில்லை என்றால் இன்றே கழுவிவிடுங்கள். நல்ல தண்ணீரால் பீய்ச்சி, சட்டத்தின் உள்மூலைகள்வரை. முழுக்கக் காய்ந்த பிறகுதான் துருத்தடுப்புப் பூச்சு. ஈரத்தின் மேல் பூசினால் துருவை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி.

டயருக்குக் காற்று சரியாக வைத்து, மாதம் ஒருமுறை அரைச்சுற்று நகர்த்துங்கள். பழைய வண்டி என்பதால் டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-இன் 23-வது வாரத்தில் செய்தது. தரையில் படும் கட்டை தேயாவிட்டாலும் வயதான ரப்பர் மலைப்பாதைக்கு ஆகாது. கேஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே வையுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். அதனால் அடியில் உள்ள காற்றுத்துளையைப் பாய் போட்டு மூடிவிடாதீர்கள். இருக்கையைக் கழற்றிப் படுக்கை வைத்ததை ஆர்.சி.யில் ஏற்றினீர்களா? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அதைக் கேட்கும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் கேட்பார்.

எலியை மறந்துவிடாதீர்கள். மழையில் வயலில் தண்ணீர் நின்றால் வரப்பில் இருக்கும் எலி மேட்டைத் தேடி வரும். கொல்லையில் நிற்கும் வேன் அதற்குத் தோதான மேடு. ஒயரும் பைப்பும் நுழையும் ஓட்டைகளைத் துருப்பிடிக்காத கம்பிவலையால் அடையுங்கள், பிஸ்கட் தூள்கூட உள்ளே இருக்க வேண்டாம், வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பாருங்கள். வைக்கோல்போர் பக்கத்தில் நிறுத்தவே கூடாது. எலி போகும் இடத்துக்குப் பாம்பும் போகும்.

பொங்கலுக்குக் கிளம்பும் நேரம் சம்பா அறுவடை. வழியெல்லாம் ரோட்டில் வைக்கோல் பரப்பியிருப்பார்கள். மேலே ஏற்றிப் போக நேர்ந்தால், கொஞ்ச தூரத்தில் ஓரமாக நிறுத்திக் குனிந்து பாருங்கள். பின்சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் சுற்றியிருக்கும், சூடான சைலன்சர் மேலும் கிடக்கும். கையில் ஒரு கொக்கிக் கம்பி இருந்தால் ஐந்து நிமிடத்தில் இழுத்துப் போட்டுவிடலாம். தீயணைப்பான் கதவுப் பக்கம் இருக்கட்டும், படுக்கைக்கு அடியில் வேண்டாம்.