“நல்லதையே நினை” என்று நான் சொல்ல மாட்டேன்

கேள்வி: தோழிக்குச் செய்தி அனுப்பி, அவள் படித்துவிட்டும் பதில் போடவில்லை என்றால் அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடுவதில்லை. “உன்னைப் பிடிக்கவில்லை, இவளும் விலகத்தான் போகிறாள்” என்கிறது மனம். வீட்டில் “நல்லதையே நினை” என்கிறார்கள். முடியவில்லை. என் மனசு அவ்வளவு பலவீனமானதா?

பதில்: இல்லை. பலவீனமான மனசு ஒரே வழக்கை நாள் முழுக்க வாதாடிக்கொண்டிருக்காது. “நல்லதையே நினை” என்று நானும் சொல்லப் போவதில்லை. அதைக் கேட்டுக் கேட்டு, “இதுகூட என்னால் முடியவில்லையே” என்று இன்னொரு குற்றச்சாட்டைத்தான் சுமக்கிறீர்கள்.

நடந்தது என்ன? செய்தியின் ஓரத்தில் இரண்டு நீலக் குறிகள். பதில் இல்லை. அவ்வளவுதான் நடந்தது. “உன்னைப் பிடிக்கவில்லை” என்பது அவள் எழுதியதல்ல, நீங்களே எழுதிச் சேர்த்தது. கண் இமைக்கும் நேரத்தில் சேர்ந்துவிடுவதால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக், 1960-களில், மனச்சோர்வில் இருந்தவர்களிடம் கவனித்தது இதைத்தான். அழைக்காமலே ஓடி வரும் எண்ணங்கள். அவற்றுக்கு அடியில் “நான் யாருக்கும் வேண்டாதவள்”, “எதற்கும் லாயக்கில்லாதவள்” என்று என்றோ எழுதி முடித்த தீர்ப்புகள்.

உங்கள் வரியில் அப்படி இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன. ஒன்று உங்களைப் பற்றி; “இவளும்” என்ற சொல்லில் ஒளிந்திருக்கும் மற்றது, மனிதர்கள் எல்லாரையும் பற்றி. இரண்டும் சேர்ந்தேதான் வளரும் என்றார் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் பௌல்பி. அழுதால் யாராவது வருகிறார்களா என்பதை வைத்தே, தான் அன்புக்கு உரிய பிள்ளையா, மற்றவர்களை நம்பலாமா என்ற இரண்டையும் குழந்தை முடிவு செய்துகொள்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவன் எப்போது அரண்டான் என்று யாரும் கேட்பதில்லை.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. இந்தத் தீர்ப்பு தனக்கான சாட்சியைத் தானே தயாரித்துக்கொள்ளும். மறுநாள் அவள் பேச வரும்போது நீங்கள் வெறும் “ம்” என்று பதில் போடுவீர்கள். ஏதோ கோபம் போலிருக்கிறது என்று அவள் சற்று ஒதுங்குவாள். “அப்போதே தெரியும்” என்று நீங்கள் சொல்லிக்கொள்வீர்கள். அவள் மனதாரப் பாராட்டினாலோ, “சும்மா சொல்கிறாள்” என்று தள்ளிவிடுவீர்கள். சாதகமான சாட்சிக்கு உங்கள் நீதிமன்றத்தில் இடமே இல்லை.

ஒன்றை மறக்காதீர்கள். எல்லாமே நம் எண்ணம்தான் என்பதும் பொய். ஒருவர் உங்களைத் தினமும் மட்டம் தட்டினால் வலிப்பது நியாயம். அங்கே மாற வேண்டியது உங்கள் எண்ணமல்ல, அவருடைய நடத்தை.

ஒரு நோட்டு எடுங்கள். தோழியைக் கூப்பிடும் முன், அவள் என்ன சொல்வாள் என்று பயப்படுகிறீர்களோ அதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பேசி முடித்ததும் அவள் உண்மையில் சொன்னதை எதிர்ப்பக்கத்தில், அவள் வார்த்தையிலேயே எழுதுங்கள். பத்துப் பக்கமாவது சேரட்டும், பிறகு படியுங்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் நோட்டை நம்பி உட்காராமல், அதையும் எடுத்துக்கொண்டு உளவியல் நிபுணரிடம் போங்கள்.

முதல் அழைப்பு இன்றே இருக்கட்டும். “ஏன் பதில் போடவில்லை” என்று ஆரம்பிக்க வேண்டாம். “எப்படி இருக்கிறாய்” என்று கேளுங்கள்.