டி.எச்.டி. சராசரி 1.9% வந்தால் 110 கே.வி. பஸ் பாஸ் ஆகிவிடுமா?

கேள்வி இதுதான்: பாலக்காடு கஞ்சிக்கோடு பக்கம் 110 கே.வி. பஸ்ஸில் (துணைமின் நிலையத்தில் எல்லா லைன்களும் சேரும் பொதுக் கம்பி) ஒரு வாரம் மீட்டர் வைத்தோம், வோல்டேஜ் டி.எச்.டி. (ஹார்மோனிக்குகள், அதாவது 50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் கலக்கும் வேண்டாத அலைகள், மொத்தம் எத்தனை சதவீதம் என்பது) சராசரி 1.9 சதவீதம் வந்தது, ஐ.இ.இ.இ. 519 என்ற ஹார்மோனிக் தரநிலை சொல்லும் எல்லை 2.5, அப்போது பாஸ்தானே?

அதைச் சராசரி சொல்லாது. ஒரு நாளில் பதினாறு மணி நேரம் 1.3, மீதி எட்டு மணி நேரம் 3.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி சரியாக 1.9 வரும். பஸ்ஸோ தினமும் எட்டு மணி நேரம் எல்லைக்கு வெளியே நிற்கிறது. சராசரியை மட்டும் முதல் பக்கத்தில் போட்டு "திருப்திகரம்" என்று கையெழுத்திடும் ரிப்போர்ட்டுகளைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

519 கேட்பது இரண்டு எண்கள். ஒன்று, பத்து நிமிட மதிப்புகளின் வாராந்திர 95-ஆவது சதமானம் (பெர்சென்டைல்: நூற்றுக்கு 95 மதிப்புகள் அடங்கிவிடும் எண்). அது 2.5-க்குள் இருக்க வேண்டும், தனித்தனி ஹார்மோனிக் 1.5-க்குள். இரண்டாவது, மூன்று விநாடி மதிப்புகளின் தினசரி 99-ஆவது சதமானம். அதற்கு ஒன்றரை மடங்கு இடம் உண்டு, அதாவது டி.எச்.டி. 3.75 வரை. இது 69 கே.வி.க்கு மேல் 161 கே.வி. வரைக்குமான கணக்கு. அதற்கு மேலே, 220, 400-இல், எல்லை 1.5-ஆகவும் தனி ஹார்மோனிக்குக்கு 1.0-ஆகவும் குறைந்துவிடும்.

ஒரு வாரத்துக்கு 1008 பத்து நிமிடங்கள். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் மேலே 50 மதிப்புகளைத் தள்ளிவிட்டு 51-ஆவதைப் படிக்க வேண்டும். ஃபேஸ் வாரியாகத் தனித்தனியே செய்து, மூன்றில் மோசமானதை எடுங்கள். தள்ளிய 50 என்பது எட்டு மணி இருபது நிமிடம். தினமும் நள்ளிரவில் ஒரு மணி நேரம் மட்டும் அளவு மீறும் பஸ், வாரத்துக்கு 42 மதிப்புதான் கெட்டது என்பதால் இந்தச் சோதனையில் தப்பிவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் அது 3.75-ஐத் தாண்டினால் பிடிக்கத்தான் மூன்று விநாடிக் கணக்கு: நாளுக்கு 28,800 மதிப்புகள், அதில் தள்ளுவது 288, அதாவது 14 நிமிடம் 24 விநாடி. மீட்டரில் மூன்று விநாடிப் பதிவை ஆன் செய்யாமல் வைத்திருந்தால் பாதிச் சோதனையைத்தான் செய்திருக்கிறீர்கள்.

எக்செலில் இன்னொரு தப்பு நடக்கும். பத்து நிமிட மதிப்பை மணிக்கணக்காக மாற்றும்போது சும்மா ஆவரேஜ் போடுவார்கள். வர்க்கங்களின் சராசரிக்கு மூலம் எடுக்க வேண்டும். 1-உம் 3-உம் சேர்ந்தால் 2.0 அல்ல, 2.24. வோல்டேஜ் டிப் (திடீரெனக் கொஞ்ச நேரம் விழுவது) வந்த நேரத்து மதிப்புகளை மீட்டர் கொடியிட்டுக் காட்டும், அவற்றை முதலில் நீக்குங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று: மீட்டருக்கு வோல்டேஜ் எதிலிருந்து எடுத்தீர்கள்? சி.வி.டி. (கெபாசிட்டர் வழியாக வோல்டேஜைக் குறைத்துத் தரும் கருவி) என்றால் அந்த வாரத்து அளவை மறந்துவிடுங்கள். அது 50 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்த சாமான். ஐந்தாவது ஹார்மோனிக்கையோ (250 ஹெர்ட்ஸ்) ஏழாவதையோ (350) கூட்டியும் காட்டும், குறைத்தும் காட்டும், எவ்வளவு என்று பெயர்ப்பலகையில் இருக்காது. சாதாரண எலெக்ட்ரோமேக்னடிக் பி.டி. (சுருள்கள் மட்டும் உள்ள அளவீட்டு டிரான்ஸ்ஃபார்மர்) 110-இல் கீழ் வரிசை ஹார்மோனிக்குகளுக்குப் போதும், மேல் வரிசையில் அதுவும் தன் சொந்த ஒத்ததிர்வில் (ரெசொனன்ஸ், குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும் அலை பெருகுவது) மாட்டும். "செகண்டரியில் எடுத்தோம்" என்று மட்டும் எழுதினால் அந்த ரிப்போர்ட்டை எப்படி நம்புவது?

அடுத்து அந்த 51 மதிப்புகளையும் கடிகாரத்தோடு ஒட்டிப் பாருங்கள். வாரத்தின் எல்லா மதிப்புகளின் பரவல் ஒரே மேடாக இல்லாமல் இரட்டை மேடாக இருந்தால், பெரும்பாலும் ஏதோ ஒன்று ஆன்-ஆஃப் ஆகிறது என்று பொருள். முதலில் சந்தேகிக்க வேண்டியது கெபாசிட்டர் பேங்க் (வோல்டேஜைத் தூக்கி நிறுத்தப் போடும் கெபாசிட்டர் தொகுதி). ஷார்ட் சர்க்யூட் எம்.வி.ஏ.வை (அந்த பஸ்ஸில் கிரிட்டின் பலம்) பேங்க்கின் எம்.வி.ஏ.ஆரால் (பேங்க்கின் அளவு) வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஒத்ததிர்வு விழும் வரிசை வரும். 1470-க்கு 30 என்றால் 49, மூலம் 7: ஏழாவதின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. இரவில் ஜெனரேஷன் குறைந்து அந்த 1470 எம்.வி.ஏ. 750 ஆனால் அதே பேங்க் ஐந்தாவதுக்கு நகர்ந்துவிடும். சாதனம் எதையும் மாற்றாமலே ராத்திரி மட்டும் கெடும் பஸ்ஸுக்கு இதுதான் வழக்கமான காரணம். லாக் புக்கில் பேங்க் போட்ட நேரம், எடுத்த நேரம் இருக்கும். மீட்டர் கடிகாரம் ஜி.பி.எஸ்.ஸோடு ஒத்திருந்தால் ஒட்டிப் பார்ப்பது அரை மணி வேலை.

"எல்லாம் மாடக்கத்தரைக்கு வரும் ஹெச்.வி.டி.சி.யால்தான்" (திருச்சூர் பக்கம் வந்து சேரும் உயர் வோல்டேஜ் டி.சி. லைன்) என்று பாலக்காட்டு ஜில்லாவில் பலர் சொல்வதால் இதையும் எழுதுகிறேன். 2021-இல் வந்த புகளூர்–திருச்சூர் இணைப்பு, அதாவது மாடக்கத்தரைக்கு வருவது, வி.எஸ்.சி. வகை (டிரான்சிஸ்டர் ஸ்விட்சுகளால் மாற்றுவது), கீழ் வரிசையில் அது தள்ளுவது மிகக் குறைவு. வடக்கிலிருந்து புகளூருக்கு வரும் ராய்கர்–புகளூர் லைன் பழைய தைரிஸ்டர் வகை, அதன் முத்திரை 11, 13, 23, 25-ஆவது ஹார்மோனிக்குகள். உங்களிடம் உயர்ந்திருப்பது 5, 7 என்றால் தேட வேண்டியது பக்கத்தில் உள்ள ஆறு பல்ஸ் ரெக்டிஃபையர்களை (ஏ.சி.யை டி.சி.யாக்கும் சாதாரண வகை, 5, 7 அதன் முத்திரை). இரும்பு உருக்கும் இன்டக்ஷன் பர்னஸ்தான் முதல் ஆள். ஆனால் ஹார்மோனிக் பவர் எந்தத் திசையில் போகிறது என்பதை மட்டும் வைத்து யார் மேலும் பழி போடாதீர்கள். இரண்டு பக்கமும் மூலம் இருக்கும்போது அந்த முறை தப்பாகச் சொல்லும்.

சம்பந்தமில்லாத ஒன்றும் சொல்லிவிடுகிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஐ.டி.ஐ. முடித்து மீட்டர் மாட்டப் போகிறார்கள். ஹார்மோனிக்குக்கு "சீரிசை" என்ற பாடநூல் சொல்கூட அவர்களுக்குத் தெரியாது, "பெர்சென்டைல்" என்றால் என்னவென்றும் யாரும் சொல்லித் தரவில்லை. கிளாம்ப்பைத் திருப்பி மாட்டினாலோ கிராஃப் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டாலோ திட்டு மட்டும் கிடைக்கிறது. இது எனக்கு வலிக்கிறது.

519-ஐ வைத்துக் கேட்டதால் அதையே வைத்துப் பேசினேன், மற்ற விதிகள் இல்லை என்று சொல்லவில்லை. ரிப்போர்ட் பி.டி.எஃப்.பை விடுங்கள், மீட்டரின் மூல சி.எஸ்.வி.யை (எண்கள் மட்டும் உள்ள கோப்பு) கேட்டு வாங்குங்கள். அதைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, 51-ஆவது மதிப்பு எத்தனை மணிக்கு விழுந்தது என்று இங்கே போட்டால் மேற்கொண்டு பார்க்கலாம்.