ஒரே வீட்டில் ஒருவருக்கு மட்டும் நோய் ஏன்? வாசகர் கேள்விகள்

அப்பாவுக்கு டிபி. அவரோடு ஒரே அறையில் படுத்த எங்களுக்கு ஒன்றும் இல்லை. எங்களுக்கு எதிர்ப்பு சக்தி அதிகமா, டாக்டர்? (உசிலம்பட்டி)

டிபி கிருமி உடம்புக்குள் போனாலும், 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக வெளிப்படும். இதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு. கிருமியின் துண்டுகளை நம் செல்கள் எச்எல்ஏ என்ற புரதத்தில் ஏந்திக் காட்டும். டி செல் என்ற வெள்ளை அணுவின் ஏற்பி (செல்லின் மேல் இருக்கும் பிடிப்புப் புரதம்) அதை அடையாளம் கண்டால்தான் எதிர்ப்பு தொடங்கும். இந்த எச்எல்ஏ ஆளுக்கு ஆள் மாறும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழு இதை நம் பக்கத்து நோயாளிகளிடமே ஆராய்ந்து, டிஆர்2 என்ற எச்எல்ஏ வகைக்கும் நுரையீரல் டிபிக்கும் தொடர்பு இருப்பதை 1990களில் எழுதியது. ஆனாலும் சர்க்கரை நோய், புகை, சத்துக்குறைவு எல்லாம் மரபணுவுக்குச் சளைத்தவை அல்ல. எனவே ஒன்றும் இல்லை என்று நீங்களே முடிவு செய்யாமல், வீட்டில் எல்லோரும் அரசு மருத்துவமனையில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இலவசம்தான்.

சொந்த மாமன் மகனைக் கட்டினேன். முதல் குழந்தைக்கு பிசிஜி ஊசி போட்ட பக்கம் அக்குளில் கட்டி வந்து, அப்புறம் காய்ச்சல் விடாமல் இறந்துவிட்டது. இப்போது ஐந்து மாதக் கர்ப்பம். இந்தப் பிள்ளைக்கு ஊசி போடலாமா? (மேலூர்)

அம்மா, முதலில் ஒன்று: உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை.

ஊசி போட்ட சில வாரத்தில் தோளில் சின்னக் கொப்புளம் வந்து, சீழ் கட்டி, காய்ந்து தழும்பாவது பெரும்பாலான குழந்தைகளுக்கு வழக்கம். உங்கள் குழந்தைக்கு நடந்தது அதுவல்ல என்று நினைக்கிறேன். டிபி தடுப்பூசியான பிசிஜியில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள கிருமி. அதை விழுங்கும் செல்லுக்கு 'கொல்' என்ற உத்தரவு காமா இன்டர்ஃபெரான் என்ற சமிக்ஞைப் புரதத்தின் ஏற்பி வழியாகப் போகிறது. அந்த இன்டர்ஃபெரானைச் சுரக்க வைப்பது இன்டர்லூகின்-12 என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதத்தின் ஏற்பி. இவற்றின் மரபணு பழுதாக இருந்தால் வலுவிழந்த கிருமிகூட உடம்பெங்கும் பரவிவிடும். தாய், தந்தை இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும்போது அப்படி ஒன்றுசேர்வது கூடுகிறது. டி செல்லே உருவாகாத எஸ்சிஐடி என்ற நோயிலும் இதே கதி நேரும்.

நாள் கடத்தாமல் கணவரோடு மரபியல் மருத்துவரைப் பாருங்கள். முதல் குழந்தையின் கேஸ் ஷீட்டையும், எடுத்து வைத்த ரத்த மாதிரி ஏதாவது இருந்தால் அதன் விவரத்தையும் கொண்டுபோங்கள். பிரசவ வார்டில் பிசிஜியும் போலியோ சொட்டும் பிறந்த கையோடு கொடுத்துவிடுவார்கள். இரண்டுமே உயிருள்ள கிருமி. குழந்தையின் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை இரண்டையும் நிறுத்தி வைக்கும்படி இப்போதே கர்ப்பகால அட்டையில் எழுதி வாங்கிவிடுங்கள். இதைப் படிக்கும் மற்ற தாய்மார்கள் பயந்து ஊசியைத் தவிர்க்கக் கூடாது. மூளைக்காய்ச்சல் டிபியிலிருந்து பச்சைக்குழந்தையைக் காப்பது அந்த ஊசிதான்.

மகனுக்கு எச்எல்ஏ-பி27 பாசிட்டிவ், முதுகுத்தண்டு வாதம் என்கிறார்கள். மகளுக்கும் டெஸ்ட் எடுக்கவா? (திருமங்கலம்)

தொந்தரவு இல்லாமல் வேண்டாம். பி27 என்பது மேலே சொன்ன எச்எல்ஏவில் ஒரு வகை. அது இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. அண்ணனுக்கு இருப்பதால் மகளுக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல், அவ்வளவே. காலையில் எழுந்ததும் இடுப்பு பிடித்து, அரைமணிக்கு மேல் நிமிர முடியாமல், நடமாட நடமாட இளகினால் மூட்டு மருத்துவரிடம் போங்கள். இந்த வாதம் கண்ணையும் தாக்கலாம்: ஒரு கண் மட்டும் சிவந்து வலித்து, வெளிச்சம் கூசினால் மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றாதீர்கள், அன்றே கண்ணைக் காட்டுங்கள். அரவிந்த் கண் மருத்துவமனையில் இதற்கென்றே யுவியா (கண்ணின் நடு அடுக்கு) பிரிவு உண்டு. இது மகனுக்கும் பொருந்தும்.

எச்ஐவி தொற்றாத மனிதர்கள் உண்டாமே? (மதுரை, செல்லூர்)

உண்டு. கிருமி செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் சிசிஆர்5 ஏற்பியின் மரபணுவில், தாய் தந்தையிடமிருந்து வந்த இரண்டு பிரதியிலும் 32 டிஎன்ஏ எழுத்து விடுபட்டிருந்தால், வழக்கமான எச்ஐவி வகை உள்ளே நுழையாது. வட ஐரோப்பிய வம்சத்தில் 100க்கு ஒருவர் அப்படி. நம்மவர்களிடம் மிக அரிது. அதை நம்பி யாரும் பாதுகாப்பை விட வேண்டாம். தொற்று உள்ளவர்கள் எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது.