டிரையர் இரண்டு சுற்று ஓடியும் துணி காயாததற்கு

வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைத்தும் ஜீன்ஸ் காய இரண்டு சுற்று ஆகிறது, அறையும் சூடாகிறது என்று எழுதியிருந்தீர்கள். வடிகட்டிக்குத் தப்பிய பஞ்சுத்தூசி, டிரையரிலிருந்து வீட்டின் வெளிச்சுவர்வரை செல்லும் காற்றுக்குழாயை அடைத்து, ஈரக்காற்றை வெளியேறவிடாமல் நிறுத்துவதன் அறிகுறி அது. டிரையர் ஓடும்போது வெளிச்சுவரில் அந்தக் குழாயின் வாயிலுள்ள மூடி முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். பறவைக்குப் பயந்து யாரேனும் கம்பிவலை பொருத்தியிருந்தால், பஞ்சு முதலில் படிவதே அதில்தான் என்பதால் கழற்றிவிடுங்கள். பிறகு மின் இணைப்பைத் துண்டித்து, நீங்கள் குறிப்பிட்ட வெள்ளை பிளாஸ்டிக் சுருள்குழாயை அகற்றி, 4 அங்குல வழவழப்பான உலோகக் குழாயைப் பொருத்துங்கள். சுருளின் மடிப்புகளில் தூசி தேங்கும், தீப்பிடித்தால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரியும். இணைப்புகளில் திருகு முடுக்கினால் அதன் முனை உள்ளே நீட்டிப் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். அலுமினிய ஒட்டுநாடாவே போதும். இவற்றை முடிக்கும்வரை, டிரையரை ஓடவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.