மனப்பூர்வமாக எழுதிக்கொடுத்தது – கடிதம்

அன்புள்ள அம்மா,

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், எசெக்ஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) பதினான்கு வருடமாக இருக்கிறேன். என் மனைவி இந்த ஊர்க்காரர். அவருடைய அம்மா வழியினர் 1600களிலேயே டாப்ஸ்ஃபீல்ட் பக்கம் குடியேறியவர்கள் என்று வீட்டில் சொல்வார்கள். அதைத் தேடப் போய் இப்போது பழைய நீதிமன்றப் பதிவுகளுக்குள் விழுந்து கிடக்கிறேன். 1636லிருந்து இந்தக் கவுண்டியில் நடந்த வழக்குகள் அச்சிலேயே கிடைக்கின்றன. வேலித் தகராறு, பன்றி பயிரை மேய்ந்தது, அப்பா இறந்ததும் பிள்ளைகள் நிலத்துக்கு அடித்துக்கொண்டது, எல்லாம் இருக்கிறது.

மூன்று கேள்விகள். அந்தக் காலத்துக் கையெழுத்தையும் ஆங்கிலத்தையும் படிக்கப் பழகுவது எப்படி? இந்தச் சில்லறைச் சண்டைகளைப் படித்து என்ன ஆகப்போகிறது, இதில் வரலாறு என்று ஏதாவது உண்டா? அப்புறம், எங்கே பார்த்தாலும் ஆண்களின் பெயர்தான், பெண்கள் இல்லவே இல்லை, இதில் மனைவியின் தாய்வழியை எப்படிப் பிடிப்பது?

இன்னொன்றும் தோன்றியது. இவர்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் தாத்தாவின் நிலம் வாய்ப்பேச்சிலேயே கைமாறிப் போனது. எழுத்தில் இருந்திருந்தால் அந்த அநியாயம் நடந்திருக்காது.

அன்புடன்,
எஸ்

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நானும் இதே மாதிரி ஒரு பத்திரத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

கையெழுத்து பழகிவிடும். ஒரே எழுத்தர் எழுதிய இருபது பக்கத்தை உட்கார்ந்து படியுங்கள், இருபத்தோராவது பக்கம் தானாகப் புரியும். இரண்டு இடத்தில் மட்டும் ஜாக்கிரதை. 1752 வரை அங்கே வருடப்பிறப்பு மார்ச் 25. அதனால் பிப்ரவரி 1671 என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1672. இன்னொன்று உறவுமுறை. அந்தக் காலத்தில் 'சன்-இன்-லா' என்றால் மருமகனாகவும் இருக்கலாம், மனைவிக்கு முந்தைய கணவரிடம் பிறந்த பிள்ளையாகவும் இருக்கலாம். 'கஸின்' என்று வருவது பல இடங்களில் அண்ணன் மகனோ தங்கை மகளோதான். நம் மொழியில் ஒவ்வொரு உறவுக்கும் தனிச் சொல் இருந்து பழகிய நமக்கு இது பெரிய இம்சை. ஒரு சொல்லைத் தப்பாக எடுத்தால் முழு வம்சமே மாறிவிடும்.

சில்லறைச் சண்டை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. உயில் என்பது செத்தவர் ஆசைப்பட்டது. அவர் போன பிறகு வீட்டில் நிஜமாக என்ன நடந்தது என்பது சண்டை வந்தால்தான் வெளியே வருகிறது. யார் எந்தப் பானைக்கு அழுதார்கள், பக்கத்து வீட்டுக்காரர் எதைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னார், எந்த மரத்தை எல்லையாக நினைத்திருந்தார்கள் என்பதெல்லாம் வேறெங்கே கிடைக்கும்? உங்களுக்கு அது சில்லறை. அந்த மூன்று ஏக்கர் புல்வெளி இல்லாவிட்டால் குளிர்காலத்தில் மாட்டுக்குத் தீனி கிடையாது.

ஆனால் என்னை உட்கார வைத்தது உங்கள் மூன்றாவது கேள்வி. பெண்கள் இல்லவே இல்லை என்கிறீர்கள். இருக்கிறார்கள். நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள், நன்றாகப் படித்த பிள்ளை இப்படி எழுதினால் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தக் கால ஆங்கிலச் சட்டப்படி கல்யாணமான பெண்ணுக்குத் தனியாக வழக்குப் போட உரிமை கிடையாது. அவளுக்கு அப்பா வீட்டிலிருந்து வரவேண்டிய நிலத்துக்கும் புருஷன் பெயரில்தான் வழக்கு. அட்டவணையில் அவன் பெயர்தான் இருக்கும். உள்ளே போய்ப் படித்தால் 'அவன் மனைவியின் உரிமையின் பேரில்' என்று ஒரு தொடர் வரும். அந்தத் தொடரைத் தேடுங்கள். நீங்கள் பெயர் அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டுப் பெண்கள் இல்லை என்கிறீர்கள். புருஷன் இறந்து, சொத்தைக் கணக்குப் பார்த்துத் தீர்க்கும் பொறுப்பு விதவையிடம் வரும்போது அவள் பெயரும் வெளியே வந்துவிடும்.

உங்கள் கவுண்டியிலிருந்தே சொல்கிறேன். வென்ஹமில் சத்திரம் நடத்திய ஜான் சோலார்ட் என்பவர் 1672ல் தண்ணீரில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். சுமார் 500 பவுண்டு சொத்து, அந்த நாளில் அது பெரிய தொகை. மாசசூசெட்ஸில் உயில் இல்லாமல் போனால் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு, மற்றப் பிள்ளைகளுக்கு, மகள்கள் உட்பட, ஒற்றைப் பங்கு. விவிலியத்திலிருந்து எடுத்த முறை. 1641லேயே அந்த இரட்டைப் பங்கைச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். ஆக மகள்களுக்குப் பங்கு உண்டு, காகிதத்தில். சோலார்டின் மனைவி சீக்கிரமே மறுமணம் செய்துகொண்டார், மகள்களின் பங்கு அந்தப் புது வீட்டுக்குள்ளேயே நின்றுபோயிற்று. அந்த மகள்களில் ஒருத்தி சாரா. கோர்ட் படியேறி, வருடக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் அவர் கைக்கு வந்தது கொஞ்சம் புல்வெளி. அதற்குள் முதல் கணவர் கடனோடு செத்திருந்தார். கடன் சாராவின் தலையிலும் இரண்டாம் கணவர் வில்லியம் குட்டின் தலையிலும் விழுந்தது, நிலம் கடனுக்குப் போயிற்று. அப்புறம் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை.

சாரா குட் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1692ல் உங்கள் கவுண்டியின் சேலத்தில் சூனியக்காரி என்று முதலில் பிடித்த மூன்று பேரில் ஒருவர். மாஜிஸ்திரேட் முன்னால் அவர் கணவரே, இவள் சூனியக்காரி, இல்லையென்றால் சீக்கிரமே ஆகிவிடுவாள் என்று சொன்னார். ஜூலை 19 அன்று தூக்கிலிட்டார்கள். கைக்குழந்தை அதற்கு முன்பே சிறையில் செத்துவிட்டது. நான்கோ ஐந்தோ வயதான மகளைச் சங்கிலி போட்டு மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அதற்குப் பிறகு புத்தி நிலைக்கவில்லை என்று 1710ல் வில்லியம் குட் நஷ்டஈட்டு மனுவில் எழுதினார். அரசு 30 பவுண்டு கொடுத்தது. கொடுத்தது அவரிடம்.

நான் அந்த மனுவைப் படித்துவிட்டு எழுந்து போய் வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா சொத்தில் தன் பங்கைக் கேட்டுக் கேட்டு அலுத்த பெண். அவள் சாவுக்குக் கிடைத்த பணத்தைக்கூட அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னவரே வாங்கிக்கொண்டு போகிறார்.

அந்த மூவரில் இன்னொருவர் சாரா ஆஸ்போர்ன். முதல் கணவர் ராபர்ட் பிரின்ஸ் 1674ல் இறக்கும்போது 150 ஏக்கர் பண்ணையை, மகன்கள் இரண்டு பேரும் வளரும்வரை, மனைவி பொறுப்பில் விட்டுப் போனார். பார்த்துக்கொள்ளச் சொன்னது மனைவி வழி ஆட்களை இல்லை, தன் சொந்தக்காரர்களான பட்னம் குடும்பத்தை. அந்த அம்மா பண்ணையில் வேலைக்கு இருந்த ஆளையே கல்யாணம் செய்துகொண்டு நிலத்தைத் தங்கள் பெயருக்குக் கொண்டுவரப் பார்த்தார். வருடக்கணக்கில் வழக்கு. 1692ல் அந்த மூன்று பெண்கள் மேல் புகார் கொடுத்த நான்கு ஆண்களில் இரண்டு பேர் பட்னம். சாரா ஆஸ்போர்ன் மே மாதம் பாஸ்டன் சிறையிலேயே இறந்துபோனார். நிலத் தகராறு மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சுருக்கினால் அது தப்பு. ஆனால் கயிறு விழுவதற்கு முந்தைய இருபது வருடம் அந்தக் காலாண்டு நீதிமன்றப் பக்கங்களில்தான் இருக்கிறது. நீங்கள் சில்லறை என்று சொன்ன அதே பக்கங்களில். உங்கள் மனைவி வீட்டார் டாப்ஸ்ஃபீல்ட் என்கிறீர்கள், டாப்ஸ்ஃபீல்டுக்கும் பட்னம் குடும்பத்துக்கும் எல்லைத் தகராறே தலைமுறைக் கணக்கில் ஓடியது. டாப்ஸ்ஃபீல்டில் டவுன் என்ற பெயருள்ள குடும்பத்துச் சகோதரிகள் மூன்று பேர் மேல் குற்றம் சாட்டினார்கள். ரெபெக்கா நர்ஸையும் மேரி ஈஸ்டியையும் தூக்கிலிட்டார்கள். கவனமாகப் படியுங்கள், உங்கள் வீட்டுக்காரம்மாவின் ஆட்கள் அந்தப் பக்கங்களில் சாட்சியாகவாவது இருப்பார்கள்.

சரி, நான் யோசித்துக்கொண்டிருந்த பத்திரத்துக்கு வருகிறேன்.

எனக்கு அப்போது பதினோரு வயது. அத்தையை அப்பா சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார், துணைக்கு என்னையும். நான் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றேன். தாத்தா சொத்தில் அத்தைக்கு உள்ள பங்கை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். பத்திரம் எழுதுபவர் வேகமாக வாசித்தார்: யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, சுயநினைவுடன், மனப்பூர்வமாக. அத்தை, 'என்ன எழுதியிருக்கு?' என்று கேட்டார். அவர், 'உங்க சம்மதம்தாம்மா' என்றார். அத்தை அப்பாவைப் பார்த்தார். அப்பா மரத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார் அத்தை. திரும்பும்போது அவருக்கு ஒரு பட்டுப்புடவை, எல்லாருக்கும் அல்வா. என் அப்பா கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புடவையை அத்தை ஒருநாளும் கட்டி நான் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, கிணற்றடிப் புளி இந்த வருஷம் காய்ச்சுதா என்றுதான்.

பல வருடம் கழித்து வர்ஜீனியாக் கவுண்டிப் பத்திரப் புத்தகங்களைப் படிக்க உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் அங்கே புருஷன் நிலத்தை விற்றால், அவன் செத்த பிறகு மனைவிக்கு ஆயுள்வரை வரவேண்டிய மூன்றில் ஒரு பங்கை அவள் விட்டுக்கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் வாங்கியவனுக்கு வில்லங்கம். அதற்காக அவளைப் புருஷனிடமிருந்து தள்ளிக் கூட்டிப்போய்த் தனியாக விசாரிப்பார்கள். கோர்ட்டுக்கு வரமுடியாதவள் என்றால் நீதிபதிகளை வீட்டுக்கே அனுப்பிக் கேட்பார்கள். எழுத்தர் எழுதுவார்: கணவனின் பயமுறுத்தலோ வற்புறுத்தலோ இன்றித் தன் சொந்த விருப்பத்தில் விட்டுக்கொடுத்தாள். அந்த வரியை முதல்முறை படித்தபோது எனக்குத் தூக்குவாளியின் பிடி கையில் அழுந்தியது. அதே வாக்கியம், எஸ். பத்தாயிரம் மைல் தள்ளி, இருநூறு முந்நூறு வருடம் முன்னால்.

இதை ஏன் இத்தனை தூரம் சொல்கிறேன்? மனம் நிஜமாகவே ஒப்பியிருந்தால் அந்த வரிக்கு அவசியமே இல்லை. வற்புறுத்துவார்கள் என்று சட்டத்துக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் புருஷனைத் தள்ளி நிற்க வைத்தார்கள். விசாரணை முடிந்ததும் அவள் போக வேண்டியது அதே புருஷன் வண்டியில் அதே வீட்டுக்கு. என்ன சொல்லியிருப்பாள்? புத்தகம் புத்தகமாகப் பாருங்கள், முடியாது என்று சொன்னவள் எங்கேயாவது அபூர்வமாகத்தான் தென்படுவாள். பக்கத்துக்குப் பக்கம் மனப்பூர்வம். நான் எந்த நாட்டுப் பத்திரத்தைப் படித்தாலும் இப்போதெல்லாம் அந்த வரியில் நின்றுவிடுகிறேன், அங்கே யார் யாரைப் பார்த்தார்கள் என்று யோசிக்கிறேன்.

ஆகவே, எழுத்தில் இருந்திருந்தால் அநியாயம் நடந்திருக்காது என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. வர்ஜீனியாவில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, ஊழியத்திலிருந்து விடுபட்டு, 1651ல் 250 ஏக்கர் வாங்கிய ஆன்டனி ஜான்சனிடம் எல்லாம் எழுத்தில் இருந்தது. அவர் இறந்த பிறகு 1670ல் ஒரு ஜூரி, அவர் கறுப்பர், அதனால் அந்நியர், எனவே நிலம் காலனிக்குச் சேரும் என்று முடிவு சொன்னது. அதையும் எழுத்தில்தான் வைத்திருக்கிறார்கள். அதே வர்ஜீனியாவில் ஓர் ஆளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தால் கொண்டுவந்தவருக்கு 50 ஏக்கர். 1635ல் அப்படி நிலம் வாங்கிய ஒருவரின் பட்டியலில் 'டோனி, கிழக்கிந்தியன்' என்று ஒரு பெயர் இருக்கிறது. எந்தக் கரையில் ஏறினானோ, வீட்டில் அவனை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்களோ. பதிவில் அவன் யாரோ ஒருவருடைய 50 ஏக்கர்.

உங்கள் தாத்தா நிலம் போனதில் உங்களுக்கு இருக்கும் வலி எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், தாத்தாவுக்கு அக்கா தங்கை இருந்தார்களா? அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று வீட்டில் யாரையாவது கேட்டதுண்டா?

மனைவியின் தாய்வழிக்கு இப்படிச் செய்யுங்கள். டாப்ஸ்ஃபீல்டில் அந்தக் குடும்பத்து ஆண் ஒருவர் இறந்த வருடத்தைப் பிடியுங்கள். சொத்து விவரப் பட்டியல் ஒன்று இருக்கும், அக்கம்பக்கத்தார் அறை அறையாகப் போய்ப் பானை சட்டி படுக்கை பன்றி என்று எழுதியது. கூடவே விதவைக்கு ஒதுக்கிய பங்கு இருக்கலாம். சில இடங்களில் அது அவ்வளவு நுணுக்கமாக இருக்கும்: வீட்டின் இந்தப் பக்கத்து அறை, நிலவறையில் பாதி, கிணற்றுக்குப் போகவரப் பாதை. மகன் வீட்டில் அம்மாவுக்குத் தண்ணீர் எடுக்கப் பாதை எழுத வேண்டியிருக்கிறது. அந்தத் தாளில் அவள் பெயர் இருக்கும், எழுதத் தெரியாதவள் என்றால் பெயருக்கு நடுவில் அவள் போட்ட கீறல் இருக்கும். அங்கிருந்து அவள் அப்பாவின் உயிலுக்குப் போங்கள், மகள்களுக்குப் பசுவும் மெத்தையும் கொடுத்த பத்தியில் அவளுடைய பிறந்த வீட்டுப் பெயர் கிடைக்கும்.

கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். எந்த அறையைக் கொடுத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் மனைவிக்கு என் அன்பு.