லே பள்ளத்தாக்கில் பசுமை ஏன் திட்டுத் திட்டாக மட்டும்?

சிந்து நதியே ஓடும்போது லடாக்கின் லே பகுதியில் பெருநிலம் ஏன் தரிசாகக் கிடக்கிறது என்பது உங்கள் கேள்வி. நதி தாழ்வில் ஓடுகிறது. பெரும்பாலான ஊர்கள் அதற்கு மேலே, பக்கப் பள்ளத்தாக்குகளில் இருக்கின்றன. ஆண்டு மழை சுமார் 100 மி.மீ. மட்டுமே. ஆகவே பனி உருகி வரும் ஓடைதான் பாசனம்.

ஓடையிலிருந்து ‘யூரா’ என்னும் வாய்க்காலைச் சரிவின் குறுக்கே, மெல்லிய வாட்டத்தில் வெட்டுகிறார்கள். அதற்குக் கீழே பார்லி வயல். மேலே வெறும் கல். வீடுகளை நீரேறாத கல்மேட்டில் கட்டுவதே பழைய வழக்கம். விளைநிலத்தின் அருமை தெரிந்தவர்கள் அவர்கள்.

உண்மையான நெருக்கடி வசந்தத்தில்தான். விதைப்புக்கு ஏப்ரல், மே மாதங்களில் நீர் வேண்டும். உயரப் பனியாறுகளோ ஜூன் வாக்கில்தான் நன்கு உருகும். அதனால் இரவு நீரை ‘ஸிங்’ குளத்தில் தேக்கிக் காலையில் திறக்கிறார்கள். முறை வைத்து நீர் பிரிப்பவர் ‘சுர்பொன்’.

லடாக் பொறியாளர் சோனம் வாங்சுக்கின் ‘பனி ஸ்தூபி’ என்னும் செயற்கைப் பனிக்கூம்பும் இந்த வசந்தகால இடைவெளியை நிரப்பவே. மேட்டு ஓடை நீர், குளிர்காலத்தில் மோட்டார் இல்லாமலே குழாய் வழியே பீய்ச்சிக் கூம்பாக உறைகிறது. கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவு, மெதுவாக உருகும். குழாயில் ஓட்டம் தளர்ந்தால் நீர் உள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். எனவே குழாயைப் புதைப்பதும், ஓட்டம் நின்றால் உடனே வடிப்பதும் அவசியம்.